தறிவீட்டுத் தொட்டிலும் தலையெழுத்தும்

ஆறு வயது ஆவதற்குள் ஒரு குழந்தைக்கு நேர்வதையெல்லாம் யாருடைய கணக்கில் எழுதுவது என்பது பழைய கேள்வி. வினையின் கணக்கு என்றது சமயம். பெற்றவர்கள் கணக்கு என்றது ஊர். அரசின் கணக்கும் அதில் சேர்த்தி என்று கடந்த அரை நூற்றாண்டாக அறிவியல் சொல்லிவருகிறது. இந்த மூன்று கணக்கும் ஒரே கூரைக்கடியில் இடித்துக்கொள்வதைக் காண நெசவூர்கள் தக்க இடம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அப்படிப்பட்ட ஊர். கமண்டல நாகநதிக் கரையில் இங்கே புத்திரகாமேட்டீசுவரர் கோயில் இருக்கிறது. தசரதன் பிள்ளை வேண்டி வேள்வி செய்த இடம் இதுவென்பது தலபுராணம். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஊரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றூர்களிலும் பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. வரம் கேட்டுப் பெற்ற பிள்ளையின் தொட்டிலும் அதே வீட்டுக்குள்தான் ஆடுகிறது.

அறிவியல் சொல்வதை முதலில் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது பல நேரம் மிகைப்படுத்தியே சொல்லப்படுகிறது. 1960களில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களிலேயே மூடித் தைத்து வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூளை அந்தக் கண் வழியாகப் பார்க்கக் கற்றிருக்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது அப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்கு ஒரு பருவம் உண்டு, பருவத்தில் பெய்யாத மழை பிறகு பெய்து பயனில்லை என்ற எண்ணம் பரவியதில் அந்தப் பூனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்ணுக்குப் பொருந்துவது வாழ்க்கை முழுவதற்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னொரு வகைச் சான்று வேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் சாலி கிரந்தாம்-மெக்ரிகரும் துணை ஆய்வாளர்களும் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள், சுகாதாரப் பணியாளர் ஒருவர் போனார். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் வீட்டில் தூக்கிப்போடும் சாமான்களில் செய்தவை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் ஊதியம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

ஆரணிக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், வேறொரு பாடம் கிடைத்தது. எட்டு நாடுகளில் 2009இல் தொடங்கிய ‘மால்-எட்’ ஆய்வின் இந்திய மையம் அது. பிறந்த நாள் முதல் குழந்தைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், வயிற்றுப்போக்கு இல்லாதபோதும் குடலில் அடிக்கடி கிருமி தொற்றிய குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்குவது தெரியவந்தது. பிள்ளை சாப்பிடுகிறது, உடம்பில் ஒட்டவில்லை என்று பாட்டிமார் சொல்லும் குறைக்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். ஆக, குழந்தை வளர்ச்சி என்பது சோறு மட்டும் அல்ல. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கழிப்பறையும் அதில் சேர்ந்தவை.

இங்கேதான் பழைய சொல் ஒன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுப் பழகிய ஊருக்கு, மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் முடிகிறது என்ற செய்தி புதிதாகவே தோன்றுவதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதற்கு ஆய்வகத்தின் முத்திரை கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரமன் எழுதுவதாகச் சொன்னதை இப்போது நரம்பணுக்கள் எழுதுகின்றன, அவ்வளவுதான். இப்படிப் புரிந்துகொண்டால், ஏழு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைக் கைவிடுவதற்கு அறிவியலே சாக்காகிவிடும். ஜான் புரூவர் 1999இல் ‘முதல் மூன்றாண்டுக் கட்டுக்கதை’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதி இதை எச்சரித்தார். இந்தியாவிலிருந்தே வலுவான மறுப்பும் உண்டு. பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையால் பார்வை இழந்து வளர்ந்த சிறுவர்களுக்கு டெல்லியில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பூனைகளின் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்களுக்குப் பார்வை வந்திருக்கவே கூடாது. ஆனால் பத்து வயதைத் தாண்டியவர்களும் மெல்ல மெல்லப் பார்க்கக் கற்றார்கள். கூர்மை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் முகமும் பொருளும் இடமும் பிடிபட்டன. தொடக்க ஆண்டுகளில் குறைந்த செலவில் ஆவது, பிறகு கூடுதல் முயற்சியில் ஆகிறது. அறிவியல் சொல்வது இவ்வளவே.

வினைக் கொள்கையையும் இதே கவனத்தோடு படித்தால், அது சோம்பேறிகள் சொல்லும் வினைக் கொள்கையாக இருப்பதில்லை. சைவ சித்தாந்தம் வினையைப் பழவினை, நுகர்வினை, ஏறுவினை என்று மூன்றாகப் பிரிக்கும். நெசவாளர் வீட்டுக் குழந்தையின் பசி அதன் நுகர்வினை என்று ஒருவர் சொல்லலாம்; அதை மறுக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆனால் அந்தப் பசியைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பவருக்கு அது ஏறுவினை. துன்பப்படுகிறவரின் நிலைக்கு வினை காரணம் சொல்கிறது. பார்த்திருப்பவரின் சும்மா இருத்தலுக்கு அது நியாயம் சொல்வதில்லை. ஊர்ப்பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்தில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களின் மரபில் இது இன்னும் தெளிவு. வினை என்பது உயிரில் ஒட்டும் நுண்பொருள் என்று கொண்ட அந்தச் சமயம்தான் இல்லறத்தாருக்கு நான்கு தானங்களை வகுத்தது: உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம். ஒரு நல்ல அங்கன்வாடியின் வேலைப்பட்டியலை யாராவது நான்கு சொற்களில் எழுதச் சொன்னால் வேறு சொற்கள் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் தானம் வேறு, உரிமை வேறு. தானத்தில் புண்ணியம் கொடுப்பவருக்கு. பெறுகிறவர் கேட்டு வாங்க முடியாது. பேசவே தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடு எல்லோரையும்விட முக்கியம். அது மனுப் போடாது, ஊர்வலம் போகாது, வாக்களிக்காது.

குழந்தை பெற்றவர்களுக்குச் சொந்தம், அதில் அரசுக்கு என்ன வேலை என்ற வாதத்தை நெசவூர் ஒரு கோணத்திலிருந்து சோதித்துப் பார்த்திருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒவ்வோர் ஊடைக்கும் கரைநூலைக் கோத்து வாங்க வேண்டும். நெசவாளர் ஒரு பக்கத்து நாடாவை வீசினால் மறுபக்கத்துக்கு ஒரு துணையாள் தேவை. தாருக்கு நூல் சுற்றவும், அறுந்த இழையை முடியவும் சிறு விரல்கள் வசதி. அந்த விரல்கள் பல தலைமுறைகளாக வீட்டிலேயே கிடைத்தன. வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டிலிருந்து முன்பணம் கொடுத்து வாங்கப்பட்டன. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர்கள் கட்டுண்டு கிடந்ததை ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ 2003ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தினர் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எல்லா வேலையிலிருந்தும் விலக்கியது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பது மரபு, கலை என்பது அந்தக் கதவுக்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் தறியே வீட்டில் இருக்கும்போது உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் வந்து கோடு போடுவார் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

அரசு இந்தக் கேள்விக்குள் வந்த கதை தமிழ்நாட்டில் கொஞ்சம் விசித்திரமானது. நாடளவில் தொடக்கம் மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் பற்றி அது 1972இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆனால் தமிழ்நாடு ஓரிரண்டு ஆண்டு இடைவெளியில் எதிரெதிரான இரண்டு தத்துவங்களை ஒருசேர நடத்திப் பார்த்தது.

முதலாவது, உலக வங்கிக் கடனில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதங்கள் சத்துணவு, தேறிவிட்டால் நிறுத்தம். அறிவியல் நோக்கில் இது கூர்மையானது: சரியான வயது, சரியான பிள்ளை, குறைந்த செலவு. இரண்டாவது, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். இரண்டு வயது முடிந்து மையத்துக்கு வருகிற பிள்ளை எதுவானாலும் அதற்குச் சோறு. தராசு இல்லை, அட்டையில் வளர்ச்சிக் கோடு இல்லை. வல்லுநர்கள் பலர் அன்று முகம் சுளித்தார்கள். வீண்செலவு என்றார்கள், வாக்குக்காக என்றார்கள். வடஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் இந்தச் சத்துணவு எப்படி நடந்தது என்று ஆராய்ந்து 1991இல் நூல் எழுதிய பார்பரா ஹாரிஸ், ஆரணியை 1973 முதல் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்த அறிஞர். ஒரு சிறு சந்தை நகரத்தின் நெல், கடன், பட்டு, சாதி ஆகியவற்றைப் படிக்க வந்தவர் பிள்ளைகளின் தட்டையும் பார்த்தது தற்செயலாக இருக்க முடியாது.

இந்த இரண்டு திட்டங்களுக்கும் இடையிலிருந்த வழக்கு செலவைப் பற்றியது அல்ல, நீதியைப் பற்றியது. தேவைப்பட்டவருக்கு மட்டும் தருவது நியாயமா, எல்லோருக்கும் தருவது நியாயமா? எடை பார்த்துத் தரும் திட்டத்தில் ஒரு பிள்ளை சோறு பெற முதலில் இளைத்துக் காட்ட வேண்டும். தேறியது குற்றம் போல உணவு நின்றுவிடும். இளைத்த பிள்ளையின் தாய் ஊர்முன் தராசில் ஏற்றப்பட்டவளாகிறாள். எல்லோருக்கும் ஒரே பந்தி என்ற திட்டத்தில் யாரும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை; சாதி பார்த்து உட்கார்ந்த ஊர்களில் அந்த ஒரே பந்தி தன்னளவில் ஒரு கல்வியாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பந்திக்கு நடந்து வரத் தெரிந்தவர்களே வர முடியும். இரண்டு வயதுக்குக் கீழே, அறிவியல் அதிகம் கவலைப்படும் மாதங்களில், பிள்ளை வீட்டிலேயே இருந்தது. வயது விஷயத்தில் தராசு சரி; நீதி விஷயத்தில் பந்தி சரி. அரசியலில் நிலைத்தது பந்தி. அது 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை நீண்டிருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் இதே இடத்தில் தடுமாறியது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. கீழ்வரம்பு எதையும் அது வைக்கவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் அந்த உரிமையை ஆறு முதல் பதினான்கு வரை என்று எழுதியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் 45ஆவது பிரிவுக்கு, அதாவது அரசு முயல வேண்டிய நெறிகளின் பட்டியலுக்கு, அனுப்பப்பட்டார்கள். அறிவியல் மிக முக்கியம் என்று சொல்லும் ஆண்டுகளைச் சட்டம் வழக்குத் தொடுக்க முடியாத ஆண்டுகளாக்கியது. உணவு மட்டும் தப்பித்தது: 2001 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளாலும் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தாலும் ஆறு மாதக் குழந்தைக்கே அது உரிமையாகிவிட்டது. சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுச் சம்பந்தருக்கு உமை ஊட்டியது பாலா, ஞானமா என்று சைவர்கள் பிரித்துக் கேட்டதில்லை, கிண்ணம் ஒன்றுதான். நம் சட்டப் புத்தகத்தில் பால் உரிமை, ஞானம் அரசின் நல்லெண்ணம்.

அந்தக் கிண்ணத்தை மறுபடி ஒன்றாக்க முடியுமா என்று தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரே பதிவேடு, எடை, வீட்டுப் பார்வை, உணவு, பாட்டு, கதை எல்லாவற்றையும் பார்க்கிறார். முதலில் கைவிடப்படுவது பாட்டும் கதையும். அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 மையங்களை எடுத்து, பாதியில் மட்டும் முன்பருவக் கல்விக்கென உள்ளூர்ப் பெண் ஒருவரை அரைநாள் பணிக்கு வைத்துப் பார்த்தார்கள். எந்த மையத்துக்கு ஆள், எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கோயில் திருவுளச்சீட்டைப் போல, ஆனால் எந்தத் தெய்வத்தின் பெயரும் சொல்லாமல். ஆள் கிடைத்த மையங்களில் பாட நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளரின் நேரம் மீந்ததால் ஊட்டக்குறைவும் குறைந்தது. செலவைப்போல 13 முதல் 21 மடங்கு வருவாயாகத் திரும்பும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்தக் கடைசிக் கணக்கில் ஒரு தத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வருவாய் என்பது அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகிச் சம்பாதிக்கப் போகும் கூலியின் மதிப்பு. நிதித்துறைக்கு விளங்கும் மொழி அதுவே என்பதால் ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாளை நெய்யப்போகும் சேலைக்காக இன்று பாவு போடுவது போலப் பிள்ளையைப் பார்ப்பது, பிள்ளையைத் துணையாளாகப் பார்த்த தறிவீட்டின் கண்ணோட்டத்திலிருந்து எவ்வளவு தொலைவு? ஒன்று உடனடிக் கூலி, மற்றது தள்ளிவைத்த கூலி. மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற மெய்யியலாளர் காண்டின் எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்தும். நடைமுறையிலும் இந்த வாதம் பாதியில் கைவிடும். மூளை வளர்ச்சிக் குறையோடு பிறந்து ஒருநாளும் கூலி ஈட்ட முடியாத பிள்ளைக்கு, அல்லது நான்கு வயதில் இறந்துபோகும் பிள்ளைக்கு, 13 மடங்கு எங்கிருந்து வரும்? அவர்களுக்கும் பாட்டும் கதையும் உரியவை என்றால், காரணம் கூலியில் இருக்க முடியாது.

தமிழ் மரபு இதற்கு ஒரு விடையை யாரும் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில், பிள்ளையின் கை அளைந்த கூழும், தொடுகையும், மழலையும் தரும் இன்பம் முதலில் வருகிறது. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் தந்தையின் கடமை அதற்குப் பிறகே வருகிறது. பிள்ளைத்தமிழ் இன்னும் ஒருபடி மேல். மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி, ஒரு காலை மடக்கி இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரை, தாலாட்டும் தால், கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாடக் கூப்பிடும் அம்புலி என்று அது பருவம் பருவமாகப் போகிறது. குழந்தை மருத்துவர் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையை அது நினைவூட்டும். ஆனால் அட்டவணை கேட்பதை அது கேட்பதில்லை: அடுத்த பருவம் எப்போது? ஒவ்வொரு பருவத்திலும் பத்துப் பாட்டு நின்று பார்க்கிறது. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ அரசரோ என்பதால் அவர்களுக்கு எதிர்காலக் கவலை இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் அந்தக் கண்ணால் பார்க்க முடியும் என்று தாலாட்டுப் பாடிய தாய்மார் அறிந்திருந்தார்கள்.

குழந்தைக்கு இன்றே தர வேண்டியது இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், அதைத் தர யாருடைய நேரம் செலவாகும் என்ற கேள்வி வந்துவிடும். ஜமைக்காவில் வேலை செய்தது பொம்மை அல்ல, தாயின் மடியும் நேரமும். தறிவீட்டில் தாய் பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனால் கை ஓய்ந்திருப்பதில்லை. கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல, ஆகவே நிறுத்திய பொழுதெல்லாம் இழந்த கூலி. ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்குச் சட்டம் தரும் பேறுகால விடுப்பு அவளுக்கு இல்லை. இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய். அது பணமும் ஊட்டச்சத்துப் பொருளுமாகத் தவணையில் வருகிறது. குழந்தை வளர்ச்சியைத் தாயின் வேலையிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது, காப்பக நேரம் வேலை நேரத்தோடு பொருந்த வேண்டும் என்று மீனா சுவாமிநாதன் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அறிவியலைக் கொள்கையாக்கும்போது இந்தப் பகுதி எப்போதும் கழன்று விழுகிறது. தாய்க்கு அறிவுரை சொல்வது செலவில்லாதது. தாய்க்கு நேரம் தருவது செலவானது.

இன்றைய நிலவரம் இது: இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை காலையில் அங்கன்வாடிக்குப் போகிறது, அங்கே சாப்பாடும் பாட்டும் பிற்பகல் வரை பாதுகாப்பும் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே இருப்பதற்குச் சத்துமாவு பாக்கெட்டு வீட்டுக்கு வருகிறது. அதைக் கரைத்து ஊட்டுவதற்குத் தறிக்குழியிலிருந்து எழுந்து வர வேண்டும்.